கலர் கண்ணாயிரங்கள்

ஊருக்கு ஒரு கலர் கண்ணாயிரம் உண்டு. போட்டோ எடுப்பது அவருக்கு இரண்டாம்பட்சம். பிரிண்ட் போடுவதில்தான் உயிர். கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டுதான் மானிட்டர் முன் உட்காருவார். வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் திரையில் பட்டால் நிறம் ஏமாற்றிவிடுமாம். விவரம் தெரியாதவர்களில் பாதிப் பேர், மலைக்கு என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று விசாரிப்பார்கள். மீதிப் பேர் அவர் எதிரில் கடவுள் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

கலர் லேப் தம்பி வழக்கம்போல, "மேட்டா சார், கிளாஸியா?" என்பான்.

"அது கிடக்கட்டும். பெர்செப்சுவலா, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கா?"

"எதுவானாலும் ஒரே ரேட்டுதான் சார்."

போதாதா? 1993-இல் எட்டு கம்பெனிகள் கூடி ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பைத் தொடங்கிய கதையிலிருந்து பாடம் ஆரம்பமாகிவிடும். "இந்தக் கல்யாணப் போட்டோல அத்தை கட்டியிருக்கறது எம்.எஸ். ப்ளூ பட்டு. மானிட்டர்ல ஜொலிக்கிற அந்த நீலம் பேப்பர்ல அடங்காது தம்பி. கல்யாணப் பந்தியில இடம் பத்தலைன்னு வச்சுக்க. எல்லாரையும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொன்னா பெர்செப்சுவல். உட்கார்ந்தவங்களை அசைக்காம, மிச்சப் பேரை மட்டும் ஓரத்துல திணிச்சா ரிலேட்டிவ்."

மூன்றாவது முறையான சாச்சுரேஷனைப் பற்றிக் கேட்டால், "அது ஆபீஸ்ல பை சார்ட் போடறவங்களுக்கு" என்று முகம் சுளிப்பார். நான்காவது அப்சல்யூட், வேறொரு தாளின் பழுப்பைக்கூட இந்தத் தாளில் வரவழைத்துக் காட்டும். அச்சகத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வித்தையை எடுப்பார்.

பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் பெட்டியில் டிக் அடிக்காமல் அவர் பிரிண்ட் கொடுத்ததே இல்லை. விட்டால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே இருட்டாகிவிடுமே! முதல் இரண்டு முறைகளிலும் ஒவ்வொரு பிரதி போட்டு, மை காயும்வரை யாரையும் பார்க்க விடமாட்டார். காய்ந்த பிறகும் டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது. ஜன்னலோரம் போக வேண்டும். 5000 கெல்வின் வெளிச்சத்துக்காகச் சொந்தக்காரர்கள் காபி டம்ளரோடு வீட்டுக்குள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஒருவழியாக ரிலேட்டிவ் வென்று, படம் அத்தை கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏண்டா, இதுல நான் கண்ணை மூடிக்கிட்டில்ல இருக்கேன்!"

கண்ணாயிரம் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆமா அத்தை. ஆனா இமையில ஸ்கின் டோன் எவ்வளவு கரெக்டா வந்திருக்கு பாருங்க!"