புது சர்வர், புதுக் கண்டிப்பு

கேள்வி: பழைய மைஎஸ்க்யூஎல் 5.6-இல் மளமளவென்று ஏறிய சிஎஸ்வி ஃபைல், புதிய 8.0 சர்வரில் ஏற மறுக்கிறதே?

பதில்: புது வாட்ச்மேனுக்குப் பழைய முகங்கள் தெரியாது! 8.0-இல், உங்கள் கணினியிலிருந்தே ஃபைலை ஏற்றும் 'லோக்கல் இன்ஃபைல்' வசதியை அணைத்தே தருகிறார்கள். சர்வர், கிளையன்ட் இரண்டு பக்கமும் திறந்துவிட்டால்தான் வழி.

'லோக்கல்' இல்லாமல் ஏற்றினால் ஃபைல் சர்வரிலேயே இருக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் 'செக்யூர் ஃபைல் ப்ரிவ்' என்ற சர்வர் அமைப்பு சொல்லும் ஃபோல்டரில். உங்கள் லேப்டாப்பின் டி டிரைவை அது எட்டிப் பார்க்காது.

அப்புறம், 5.7 முதல் கண்டிப்பு முறையே ('ஸ்ட்ரிக்ட் மோட்') இயல்பு. தேதி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பும். இதே பிழையை 'லோக்கல்' வழி வெறும் எச்சரிக்கையோடு உள்ளே விட்டுவிடும். இதுதான் பெரிய ஆபத்து. ஏற்றி முடித்ததும் 'ஷோ வார்னிங்ஸ்' போட்டுப் பாருங்கள். எரிச்சலில் கண்டிப்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஃபைலைத் திருத்துங்கள்.