பின்கட்டு ஸ்ட்ராடிவாரி

கேள்வி: ஓய்வு பெற்ற என் கணவர், வீட்டுப் பின்கட்டிலேயே வயலினும் கிதாரும் செய்யப் போவதாகக் கிளம்பியிருக்கிறார். பெரிய பட்டறை இல்லாமல் நடக்கிற காரியமா இது?
– ஓர் இல்லத்தரசி, திருச்சி

பதில்: நடக்கும் அம்மா. இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி என்ற வயலின் செய்பவர் 1680-ல் வாங்கிய வீடுதான் அவருக்குப் பட்டறையும். இரண்டு திருமணம், 11 பிள்ளைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உலகின் உசத்தியான வயலின்கள் பிறந்தன. மனிதர் கிதாரும் செய்தார். 1679-ல் செய்த ஒன்றை இன்றைக்கும் வாசிக்கிறார்கள்.

இயந்திரம் முக்கியமில்லை. உளி, விரலளவு இழைப்புளி, அதைவிடப் பொறுமை. வயலினின் மேல்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் விறகு. மேல்பலகைக்கு ஸ்புரூஸ் மரம், முதுகுக்கு மேப்பிள். வீட்டுத் தேக்குக் கட்டிலை அவர் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டால், தேக்கு கனம், மேல்பலகைக்கு ஆகாது என்று உடனே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். தோலும் எலும்பும் காய்ச்சிய சரக்கு. சமையலறை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். ஃபெவிகால் போதாதா என்றால், போதாது. வயலினை என்றாவது திறந்து பழுது பார்க்க வேண்டிவரும். சுடுநீரும் மெல்லிய கத்தியும் பட்டால் வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும். (மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.)

வயலினுக்கு உள்ளே நிற்கும் சிறு குச்சிக்கு இத்தாலியில் பெயரே ‘ஆன்மா’. அது சரிந்தால் நாதமும் போச்சு.

செய்யட்டும், விடுங்கள். வாசிக்கவும் நானே கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் மட்டும் அவசரமாக எழுதுங்கள்.