மாம்பழப் பெட்டிகளும் மணிமுத்தாறும்: ஒரு நன்றி விண்ணப்பம்

அனுப்புநர்:
டிக்கியில் பூட்டப்பட்ட மாம்பழங்களின் உரிமையாளர்,
(முகாம்) பாலக்கரை, விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
பயணிகள் நலப் பிரிவு (அப்படி ஒன்று இருக்கும் பட்சத்தில்),
நிறுவனத்தின் பெயர் தங்களுக்கே தெரியும்.

பொருள்: சேலம் – சிதம்பரம் தடத்தில் தங்கள் பேருந்து விருத்தாசலத்தை ஓர் இரவு முழுக்க இலவசமாக வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. பேருந்தின் முன்கண்ணாடியில் எழுதியிருந்த ‘பாயிண்ட் டு பாயிண்ட்’. 2. டிக்கெட்டின் பின்புறம் நடத்துநர் எழுதிக் கொடுத்த, அவராலேயே படிக்க முடியாத குறிப்பு.

ஐயா,

இதைப் புகார் என்று நினைத்து வழக்கமான இடத்தில் போட்டுவிட வேண்டாம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கியவனுக்குக் கூடுதலாக ஒரு பைசா வாங்காமல் வழியில் ஓர் ஊரையே கொடுத்திருக்கிறீர்கள். கொடுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிக்காட்டாத பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்? நிறுவனத்தின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. பஸ்சின் பின்பக்கம் அது இருந்த இடம் நசுங்கிக் கிடந்ததால் எழுத்துக்கூட்டவும் முடியவில்லை.

ஆத்தூர், சின்னசேலம் வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. வேப்பூர் தாண்டியதும் ஓட்டுநர் சாலையைவிட டேஷ்போர்டையே அதிகம் பார்க்க ஆரம்பித்தார். முன்சீட்டில் இருந்ததால் நானும் பார்த்தேன். காற்றழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் ஏறும், மறுபடி விழும். இந்த மாதிரி வண்டிகளுக்குப் பிரேக்கே காற்றில்தான் இருக்கிறது. காற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பின்சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். பிரேக் இல்லாத வண்டி ஓடக் கூடாது என்பதற்காகச் செய்து வைத்த ஏற்பாடு. இரவு பத்து மணிக்குப் பாலக்கரையில் அந்த ஏற்பாடு தன் கடமையைச் செய்தது. தங்கள் நிறுவனத்தில் அன்றிரவு கடமையைச் செய்தது அது ஒன்றுதான்.

“ஏர் ஏற மாட்டேங்குது சார். மெக்கானிக் காலையிலதான் வருவாரு” என்றார் நடத்துநர்.

“மீதி டிக்கெட் காசு?”

“சேலம் ஆபீஸ்ல குடுப்பாங்க சார்.”

அங்கிருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் வேறு ஏதாவது பஸ்சில் தொற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் டிக்கியில் என் மாம்பழப் பெட்டிகள் இருந்தன. தங்கை சிதம்பரத்தில் வீடு கட்டி, விடியற்காலை முகூர்த்தத்தில் பால் காய்ச்சுகிறாள். பந்திக்குச் சேலத்து மல்கோவா அண்ணன் பொறுப்பு. டிக்கி சாவியைக் கேட்டேன்.

“சாவி கிளீனர்கிட்ட இருக்கு சார்.”

“கிளீனர் எங்கே?”

“மந்தாரக்குப்பத்துல மாமியார் வூட்டுக்குப் போயிட்டாரு. இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு எட்டு பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?”

நல்லாத்தான் இருக்காது. உறவுகளை இவ்வளவு மதிக்கும் ஊழியர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். என் உறவு மட்டும் டிக்கிக்குள் பூட்டிக் கிடந்தது.

தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கூப்பிட்டேன். என் அழைப்பு மிக முக்கியமானது என்றது ஒரு பெண்குரல். பிறகு கொஞ்சம் நாதஸ்வரம். பிறகு மறுபடியும் நான் முக்கியமானவன். செல்போனில் சார்ஜ் தீரும்வரை என் முக்கியத்துவம் துளியும் குறையவில்லை.

இனி தாங்கள் வழங்கிய ஊரைப் பற்றி. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில், விருத்தாசலம் வழியாகத்தான் போகின்றன. கடலூர், சேலம் பாதைகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. அப்படியும் இந்த ஊரைப் பார்த்தவர் குறைவு. எல்லோரும் மேல்பெர்த்தில் போர்த்திக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். விழித்திருந்து பார்த்தவனாக இன்று நான் தலைநிமிர்ந்து நிற்பதற்குத் தாங்களே காரணம்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. இறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளை மறுபடி இறக்கிப் போட்டார். “உங்க கம்பெனி வண்டியா? உக்காருங்க சார், காலையில ஆவும்” என்றார். தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத விவரம் அவருக்கு வண்டியின் நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது. கைக்குழந்தையோடு வந்த பெண்ணையும் ஒரு பாட்டியையும் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். அவர் மனைவி கதவைத் திறந்து, கழிப்பறை விளக்கைப் போட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் ஆற்றினார். என் போனை டப்பாக்களுக்கு நடுவே சார்ஜில் போட்டார்கள். நடுநிசிக்கு மேல் அடுப்பு அணைந்த பிறகும் பாய்லரில் வெந்நீர் இருந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. டீக்கு மட்டும் காசு வாங்கினார். மற்றதற்குக் காசு கொடுக்கப் போனபோது, “அதுக்கெல்லாம் பில்லு கெடையாது சார்” என்றார்.

ஐந்து மணிக்கு மாற்று வண்டி என்றார்கள். அது ஒன்பது மணிக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தைத் தாங்கள் வேண்டுமென்றேதான் ஒதுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் பழமலைநாதர் கோயிலைப் பார்த்திருக்க முடியாது. கோபுரம், பிராகாரம், கொடிமரம், நந்தி, தேர் என்று அங்கே எல்லாமே ஐந்தைந்து. தங்கள் வண்டியிலும் ஐந்து உண்டு, கியர். அவற்றில் எத்தனை விழுகின்றன என்பதை ஓட்டுநரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கோயில் வாசலில்தான் பார்சல் சேவை பற்றிய தெளிவு எனக்குப் பிறந்தது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய தலம் இது. சுந்தரருக்கு இங்கே இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதைத் திருவாரூர் கொண்டுபோக வேண்டும். சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். மணிமுத்தாற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. சுந்தரர் விவரமானவர். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதியை ஆற்றில் விட்டார். திருவாரூர் போய்க் கமலாலயத்தில் இறங்கித் தேடியபோது மனைவி பரவையாருக்கே நம்பிக்கை வரவில்லை. பொன் உடனே கிடைக்கவும் இல்லை. பதிகம் பாடினார், கிடைத்தது. மச்சத்தோடு ஒப்பிட்டால் மாற்றுக் குறைவு. மறுபடி பாடினார், மாற்று ஏறியது. பொன்னை உரைத்துப் பார்த்துச் சொல்லத் தனியாக ஒரு பிள்ளையாரே இருந்தார். இன்றும் அவர் பெயர் மாற்றுரைத்த பிள்ளையார்தான்.

ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான் என்று யாரையும் இனிமேல் நான் கேலி செய்ய மாட்டேன். டீசல் இல்லை, டிக்கி இல்லை, பூட்டு இல்லை, சாவியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போக ஆளும் இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது. தாமதம் என்றால் பதில் கிடைத்தது. தரம் குறைவென்றால் திருத்திக் கொடுத்தார்கள். ஒருமுறைகூடச் சுந்தரரின் அழைப்பு முக்கியமானது என்று யாரும் சொல்லவில்லை.

நானும் சுந்தரர் வழியில்தான் நடந்திருக்கிறேன். சேலத்தில் பெட்டி கட்டும்போது ஒரே ஒரு மாம்பழத்தை எடுத்துக் கைப்பையில் போட்டிருந்தேன். கிளீனர் காலையில் மாமியார் வீட்டு இட்லிப் பொட்டலத்தோடு வந்து டிக்கியைத் திறந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைப்பையில் இருந்தது காம்போடு கெட்டியாக, மஞ்சள் ஏறிய கன்னத்தோடு இருந்தது. டிக்கியில் இருந்ததை விரலால் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று. பெட்டியின் அடியில் போட்டிருந்த வைக்கோல் சாற்றில் ஊறி நின்றது. மாற்றுக் குறைவு என்பதில் ஐயமில்லை. பாடலாமா என்று யோசித்தேன். சக பயணிகள் ஏற்கெனவே நிறையப் பட்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

போனது திரும்ப வராது என்று நடத்துநர் எனக்கு ஆறுதல் சொன்னார். இந்த ஊரில் அதைச் சொல்லக் கூடாது. இதே கோயிலிலிருந்து திருடுபோன கருங்கல் அர்த்தநாரீசுவரர், 2004ஆம் ஆண்டு சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோனார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் அவர் இந்த ஊர்க்காரர் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கடல் கடந்து போனவரே படம் இருந்ததால் நாடு திரும்பினார். ஆகவே பெட்டிகளை டிக்கியில் ஏற்றும்போது நான் எடுத்த படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் நிறுவனத்தின் சார்பில் பிரதமர் வர வேண்டியதில்லை. கிளார்க் வந்தால் போதும்.

சிதம்பரத்தில் அண்ணன் இல்லாமலேயே பால் பொங்கிவிட்டது. பந்தியில் பழத்துக்குப் பதில் பீடா வைத்தார்கள். தங்கை என்னோடு பேசுகிறாள். தங்கள் நிறுவனத்தோடு பேசத்தான் எண் கேட்கிறாள். நாதஸ்வரம் கேட்க அவளுக்கும் ஆசையாக இருக்கும் என்று கொடுத்திருக்கிறேன்.

மேற்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலித்துக் கீழ்க்காணும் உத்தரவுகளைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்:

1. விருத்தாசலத்துக்கு அப்பால் உள்ள ஸ்டேஜ்களுக்குத் தாங்கள் வசூலித்த கட்டணத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். வண்டியிலிருந்த அத்தனை பேரின் மீதிப் பணத்தையும் சேர்த்துப் பாலக்கரை டீக்கடைக்கு அனுப்பவும். டிக்கெட் விற்றது தாங்கள். டிக்கெட் வாங்கியவர்களை அன்றிரவு பார்த்துக்கொண்டது அவர். உட்கார இடம், பெண்களுக்குக் கழிப்பறை, குழந்தைக்குப் பால், வண்டி எப்போது வரும் என்ற உண்மையான தகவல் ஆகியவை தங்கள் கணக்கில் வரவேண்டிய செலவுகள். அவரிடம் பில் இல்லை என்பதால் செலவே இல்லை என்று தணிக்கையில் எழுதிவிடக் கூடாது.

2. தங்கள் கால அட்டவணையில் ‘விருத்தாசலம் – 10 நிமிடம்’ என்றிருப்பதை ‘விருத்தாசலம் – இறைவன் சித்தம்’ என்று திருத்தவும்.

3. டிக்கி சாவி மாமியார் வீட்டுக்குப் போகும்போது டிக்கியில் உள்ள பொருள்களையும் முறைப்படி அழைத்துக்கொண்டு போகவும். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை. என் பழங்களாவது நேரத்தோடு ஒரு வீட்டில் சாப்பிடப்பட்டிருக்கும்.

4. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே வாங்கிய பீங்கான் பொம்மை ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். அதற்குக் காது உண்டு, கேட்காது. வாய் உண்டு, பேசாது. முகத்தில் மாறாத சிரிப்பும் உண்டு. தங்கள் வாடிக்கையாளர் சேவை நாற்காலியில் உட்கார வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சம்பளம் மிச்சம்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்
(பெண்குரல் சொன்னபடி)

இணைப்பு: 1. பெட்டிகளின் புகைப்படம். 2. பீங்கான் பொம்மை. 3. மாம்பழக் கொட்டை, சான்றுக்காக.

நகல்:

1. மேலாளர், பயணிகள் நலப் பிரிவு – தகவலுக்காக மட்டும்.

2. அருள்மிகு மாற்றுரைத்த பிள்ளையார், திருவாரூர் – பழத்தை உரைத்துப் பார்த்து அறிக்கை தருவதற்காக.

3. அருள்மிகு ஆழத்துப் பிள்ளையார், விருத்தாசலம் – தக்க நடவடிக்கைக்காக. (தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் போனால் இருக்கிறார்.)