மஞ்சள் கட்டத்துக்கு ஓர் அடிக்கல்

அனுப்புநர்: அம்மையார்குப்பம் லாரி ஷெட்டில் புக்கிங் எழுதுகிறவன்
பெறுநர்: சரக்கு நெரிசலைக் கட்டிக்காக்கும் மேலிடம்

மதிப்பிற்குரிய ஐயா,

சரக்கு நெரிசலைக் குறைக்க அதிகச் செலவில்லாத வழிகளைச் சிலர் தங்களுக்கு எழுதி அனுப்புவதாகக் கேள்வி. தயவுசெய்து எதையும் பிரித்துப் படித்துவிட வேண்டாம்.

எங்களுடையது தறி ஊர். நூல் மூட்டை உள்ளே வர வேண்டும், சேலைக் கட்டு வெளியே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே கடைத்தெரு, ஒரே நேரம், காலை ஒன்பது மணி. லாரி ரிவர்ஸ் எடுக்கும். 'வா, வா, வா, ஹோல்டான்' என்று கிளீனர் பாடியைத் தட்டுவான். பின்னால் திருத்தணி பஸ், எதிரே பள்ளிக்கூட வேன், சந்துக்குள் பாவு ஏற்றிய குட்டியானை. லோடுமேன் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பீடி பற்றவைப்பார். பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்கு இறங்கிவிட்டால், அதற்கப்புறம் ஹாரன் அடிப்பவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

இதற்கு ஓர் அதிகப்பிரசங்கி யோசனை சொல்கிறார். ஆறிலிருந்து எட்டுக்குள் லோடு ஏற்றி இறக்கிவிட வேண்டுமாம். லாரி நிற்க மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம் போட வேண்டுமாம். தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கடைப் பலகைகளை இரண்டடி உள்ளே தள்ள வேண்டுமாம். ஐயா, ரெண்டு டின் பெயின்ட்டுக்கு டெண்டர் விட முடியுமா? விரிவான திட்ட அறிக்கை எழுத எந்த ஆலோசகர் வருவார்? மஞ்சள் கட்டத்துக்கு யார் அடிக்கல் நாட்டுவது?

திட்டம் என்றால் சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை மாதிரி இருக்க வேண்டும். 2009-இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. தூண்கள் கூவத்தில் தவம் கிடந்தன, கன்டெய்னர் லாரிகள் சாலையில் தவம் கிடந்தன. 2022-இல் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள்! எங்கள் வட்டாரத்துக்கும் திண்டிவனம்–நகரி ரயில் பாதை உண்டு. 2006-07 பட்ஜெட்டில் பிறந்த பிள்ளை, கல்யாண வயதை நெருங்கியும் தண்டவாளத்தில் நடக்கக் காணோம்.

மலிவு வைத்தியத்தின் ஆபத்துக்கு உதாரணம் வேண்டுமா? 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்தது. ஆந்திர எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். வணிகவரிச் சோதனைச்சாவடியில் குறுக்கே கிடந்த கம்பைத் தூக்கினார்கள், லாரி பாட்டுக்குப் போயிற்று. கம்பைத் தூக்கக் கல்லா, மண்ணா, ஜல்லியா? நல்லவேளையாகப் போக்குவரத்துத் துறையின் சாவடிகளாவது மிஞ்சின.

அமெரிக்காவில் இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல், பகலில் கன்டெய்னர் எடுத்தால் கட்டணம், ராத்திரி எடுத்தால் இல்லை என்றார்கள். கூட்டத்தில் கணிசமான பங்கு ராத்திரிக்கு மாறிவிட்டது. அதற்காகப் புது பெர்த் கட்டவில்லை, பாலம் கட்டவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் சர்க்கரை ஆலைகள் கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் கொடுப்பதும் இதே வித்தைதான். இன்ன தேதிக்கு வெட்டு, அன்றைக்கு ஏற்று. அந்த முறை தவறுகிற நாளில்தான் ஆலை வாசலில் டிராக்டர்கள் நின்று கரும்பு காய்கிறது, எடை குறைகிறது. ஒரு துண்டுச் சீட்டு செய்கிற வேலையை வைத்து யாராவது ஓட்டு கேட்க முடியுமா?

ஆகவே எங்களுக்கு மேம்பாலமே வேண்டும். கடைத்தெருவைவிட அது அகலமாக இருந்தாலும் பரவாயில்லை, தெருவை இடித்துக்கொள்ளலாம்.

ஒருவேளை தாங்கள் மனம் இளகி மஞ்சள் கட்டம்தான் என்று முடிவெடுத்தால், அதற்கும் ஒரு கல்வெட்டு வைத்துவிடுவோம். பெயர்கள் அத்தனையும் பொறிக்கக் கட்டத்தைவிடப் பெரிய கல்லாகப் பார்க்கிறோம். பொன்னாடையைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம், தறி எங்களுடையது. விழாத் தேதி மட்டும் ஆடிக் கிருத்திகையாக இருக்கக் கூடாது. அன்றைக்குத் திருத்தணி தாண்டித் தங்கள் காரும் வர முடியாது.

இப்படிக்கு,
பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பவன்