திருச்செந்தூர் இலைக்கு மின் இணைப்பு வேண்டாம்

பெறுநர்: தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம், சென்னை.

பொருள்: திருச்செந்தூர் வட்டாரத்து எச்சில் இலை, காய்கறித் தோல், வாடிய மாலை ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுக்காமல் இருக்கும்படி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்கள் எல்லாம் எதையாவது செய்யச் சொல்லியே வரும். இது ஒன்றைச் செய்யாமல் இருக்கச் சொல்லும் மனு என்பதால் விரைவில் கையெழுத்தாகும் என நம்புகிறேன். எங்கள் வட்டாரத்துக்குத் தாங்கள் செய்ததில் குறை ஒன்றும் இல்லை. கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட உடன்குடி அனல் மின் நிலையத்துக்கு 2017-இல் ஒப்பந்தம் போட்டீர்கள். நிலக்கரியைக் கப்பலிலிருந்து வாங்கக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் பாலம் நீட்டினீர்கள். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. இத்தனை பெரிய விஷயங்களுக்கு நடுவே வாழை இலை கூச்சப்படுகிறது. அதன் குறை ஒன்றே ஒன்றுதான்: அது கப்பலில் வரவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து மினி லாரியில் வந்துவிடுகிறது. பந்தி முடிந்த இலைகளைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றி, மன்னார் வளைகுடாவை ஒரு சுற்று சுற்றிக் கல்லாமொழியில் இறக்கினால் எரிபொருள் என்ற மரியாதை கிடைக்குமா என்றும் யோசித்தாயிற்று. கப்பல் வாடகை கட்டுப்படியாகவில்லை.

அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு பயிர்க்கழிவையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021-இல் ஆணையிட்டது தாங்கள் அறிந்ததே. அதைக் காட்டி எங்கள் இலையையும் கொதிகலனில் தள்ளிவிடலாம் என்று யாராவது குறிப்பு எழுதக்கூடும். தயவுசெய்து வேண்டாம். சாம்பார் ஊறிய இலையிலும் மிஞ்சிய சோற்றிலும் பெரும்பங்கு தண்ணீர். அதை எரிக்கப் போனால், எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி அதைக் காயவைக்கவே போய்விடும். ஈரக் கழிவுக்கு ஏற்ற இடம் காற்றுப் புகாத கலன். அங்கே நுண்ணுயிர்கள் அதைச் செரித்து மீத்தேன் கலந்த வாயுவை விடுகின்றன. கிராமத்தில் கோபர் கேஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பம்பாய் மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து எடுத்த வாயுவில் விளக்கு எரிந்தது. ஆகவே புதிய தொழில்நுட்பம் என்று குழு எதுவும் அமைக்க வேண்டாம்.

வாயு கிடைத்ததும் அதை எஞ்சினில் விட்டு மின்சாரமாக்கி, மீட்டர் வைத்து, மின் கம்பியில் ஏற்றி, மெகாவாட் கணக்கில் சேர்க்கத் தோன்றும். அங்கேதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது. நன்றாகப் பிரித்த சமையல் கழிவு ஒரு டன்னிலிருந்து சுமார் 80 கன மீட்டர் வாயு கிடைக்கும். எஞ்சினில் விட்டால் ஏறத்தாழ 140 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 1,400 ரூபாய். அதே வாயுவை நேரே அடுப்புக்கு விட்டால் சுமார் 36 கிலோ சமையல் எரிவாயு மிச்சம். 19 கிலோ வணிக சிலிண்டர் கிட்டத்தட்ட இரண்டு. ஒரு சிலிண்டரின் விலையே பல ஆண்டுகளாக 1,500 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சின் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தைப் புகைபோக்கிக்கும் ரேடியேட்டருக்கும் தானம் செய்துவிடுகிறது. அண்டாவுக்கு அடியில் எரியும் வாயு அவ்வளவு தர்மம் செய்வதில்லை. கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கக் கட்டிய நிலையம் கால் மெகாவாட் அளவே தர வல்லதாக இருந்தது. அதுவும் பல காலம் ஓடாமல் கிடந்தது. சந்தைக்குள்ளேயே அடுப்பு இல்லாத குறைக்கு அங்கே மின்சாரமாவது எடுத்தார்கள். திருச்செந்தூரிலோ, 2022 செப்டம்பர் முதல் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம். கழிவு விழும் இடமும் அடுப்பு எரியும் இடமும் கூப்பிடு தூரம்.

இந்தூரில் நாளுக்கு 550 டன் கழிவை வாங்கி வாகன எரிவாயு தயாரிக்கும் ஆலை 2022-இல் திறக்கப்பட்டதே, அதுபோலப் பெரிதாகச் செய்தால் என்ன என்பீர்கள். செய்யலாம், இந்தூர் அளவுக்குக் குப்பை இருந்தால். ஓர் ஊர்க் கழிவு போதாமல் பத்து ஊரிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டினால், வாயுவில் மிச்சம் பிடித்ததை டீசல் குடித்துவிடும். திருவிழா நாளில் கழிவு குவியுமே என்ற கேள்வி இதைவிட நியாயமானது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பக்தர்கள் விரதம் இருக்கலாம். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர் விரதமும் இருக்காது, விருந்தையும் தாங்காது. ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்து, வாயு நின்றுவிடும். அதனால் கூட்டம் குறைந்த நாளின் கழிவுக்கே கலனை அளவெடுக்க வேண்டும்; வைகாசி விசாகத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் மிஞ்சுவது உரக்குழிக்குப் போகட்டும். இலையின் நடுநரம்பும் எளிதில் செரிக்காது. நறுக்கிப் போட வேண்டும். தேங்காய் ஓடு, நார், மாலை கட்டிய பிளாஸ்டிக் நூல் மூன்றுக்கும் கலனில் இடமே இல்லை.

எச்சில் இலையில் வந்த வாயுவில் கோயில் சமையலா என்ற ஆட்சேபணைதான் கனமானது. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. மடப்பள்ளி தன் முறைப்படி இருக்கட்டும். அன்னதானக் கூடத்து அடுப்பு வேறு. அங்கும் மனம் ஒப்பவில்லையென்றால் அரிந்த காய்கறித் தோலும் அழுகிய தக்காளியும் கழுநீரும் அந்த அடுப்புக்கு; எச்சில் இலையின் வாயு சந்நிதித் தெருவில் டீக்கடைக்கும் ஹோட்டலுக்கும். பக்கத்து மீனவர் குடியிருப்பான அமலிநகரின் மீன் கழிவுக்கு அந்தக் கரையிலேயே தனிக் கலன். சாணம் எரிந்து திருநீறாவதை ஏற்றுக்கொண்ட ஊர், இலை வாயுவாவதையும் மெல்ல ஏற்றுக்கொள்ளும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களின் பட்டியலில் வழிபாட்டுத் தலங்களையும் சேர்த்தே சொல்லியிருந்தன. ஆனால் விதியால் இலையிலிருந்து கேரி பேக்கைப் பிரித்தெடுக்க முடியாது. அதற்குக் கை வேண்டும். இத்தகைய கலன்கள் நின்றுபோவது பெரும்பாலும் வெல்டிங் விட்டதால் அல்ல. பிரிக்கும் ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாததால்தான். டன்னுக்கு மிச்சமாகும் இரண்டு சிலிண்டர் பணத்தை அந்தந்த மாதமே அந்தச் சம்பளக் கணக்குக்கு மாற்றக் கோயில் நிர்வாகத்துக்கும் நகராட்சிக்கும் எழுதவிருக்கிறேன். தங்களிடம் வேண்டுவது, இந்தத் திட்டம் மெகாவாட் தராது என்று ஒரு வரிச் சான்று மட்டுமே. அது இருந்தால் பெரிய கைகள் எதுவும் இதைத் தொடாது.

இப்படிக்கு,
மின் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டும் நுகர்வோர் ஒருவர்,
திருச்செந்தூர்.