காந்தத்துக்குக் கண் வைத்த காலம்

பழைய போக்கிமான்தான் போக்கிமான் என்று நாற்பதை நெருங்குகிறவர்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளுங்கள். 1996-இல் ஜப்பானில் கேம்பாய்க்கு வந்த முதல் விளையாட்டில் 151 உயிரினங்கள். அத்தனையும் ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தவை. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2010-இல் ஐஸ்கிரீம் கோனுக்குக் கண் வைத்தார்கள், 2013-இல் சாவிக்கொத்துக்கு. என்ன கற்பனை வறட்சி! அந்தக் காலத்தில் காந்தத்துக்கு அல்லவா கண் வைத்தார்கள்? சாக்கடைச் சேறு குவியலாக எழுந்து நின்று சண்டை போட்டதே, அது கலை.

ஒழுக்கமும் அந்த முதல் விளையாட்டில்தான் இருந்தது. ஒரு சிறுவன் ஊரார் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவான். ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். விளையாட்டில் வரும் பேராசிரியர் ஓக் தம் சொந்தப் பேரனின் பெயரை மறந்துவிட்டு அந்தச் சிறுவனிடம் கேட்பார். ஆராய்ச்சி என்றால் அந்த அளவுக்கு ஈடுபாடு வேண்டும். வணிகப் பாடமும் உண்டு: ஒருவர் 500 யென்னுக்கு ஒரு மீன் விற்பார். அதற்குத் துள்ள மட்டுமே தெரியும்.

சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள். ஒன்றில் கிடைக்கும் சில மற்றதில் கிடைக்கா. நட்பு வளர வேண்டுமே! நண்பன் இல்லாதவன் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்குத் தர நினைத்தார், தந்தார். பிள்ளைகள் பாயைவிட்டு எழாமலே பூச்சி பிடித்தார்கள்.

அந்தப் பொக்கிஷம் பத்திரமாக இருக்கிறதா என்று அலமாரியைத் துழாவுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சேமித்ததையெல்லாம் காத்துவந்தது கேசட்டுக்குள் இருந்த பொத்தான் பேட்டரி. அது எப்போதோ தீர்ந்திருக்கும்.