பருப்புக்கு ஒரு பாத்டப்

தருமபுரியில் நாங்கள் மாடி எடுத்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பாத்டப் வாங்கி அனுப்பினான். ஏதோ ஓட்டலில் அதில் படுத்து எழுந்ததிலிருந்து அவனுக்கு அந்த ஆசை. லாரியிலிருந்து அதை இறக்கும்போது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுப் பாட்டி, "மாட்டுக்குத் தண்ணி காட்டவா சாமி?" என்று விசாரித்தார். அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "பத்துக் குடத்துக்கு மேல புடிக்கும்" என்றார். அந்த டப்பின் தலையெழுத்து அப்போதே முடிவாகிவிட்டது.

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே நிலத்தடி நீர் பாறையிடுக்கில் கிடந்து கிடந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அந்தக் கோட்டை மதிக்காத கிணறுகள் மாவட்டத்தில் நிறைய. பல்லில் பழுப்புக் கறை, முட்டியில் வலி என்று அந்தத் தண்ணீர் பலர் உடம்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம், மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை கடன் கொடுத்தது.

ஜப்பான்காரர்கள் தொட்டிக் குளியலில் கெட்டிக்காரர்கள். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்கெல்லாம் போக்கிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே வெந்நீரில் ஊறுவார்கள். அவர்கள் கடனில் வந்த காவிரி எங்கள் வீட்டில் பாத்டப்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் மனம் குளிர்ந்துபோவார்கள். அதில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று அம்மா போட்டிருக்கும் உத்தரவு அவர்கள் காதுக்கு எட்டாமல் இருப்பதே நல்லது.

அம்மா கட்சியிலும் நியாயம் உண்டு. போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எத்தனை விசில் விட்டாலும் போட்ட பருப்பு போட்டபடியே கிடக்கும். ஒகேனக்கல் தண்ணீரில் வைத்தால் குழைந்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடிப்பதற்குப் பித்தளைக் குடத்தில் பிடித்த பிறகு, ஓஸ் நேரே மாடிக்கு ஏறி டப்பில் விழும். மேலே வெள்ளைத் துணி கட்டி மூடிவிடுவார். யாரும் குளிக்காததால் அந்த அறைக்கு பாத்ரூம் என்ற பேரே போய், தண்ணி ரூம் ஆகிவிட்டது.

ஒழுகலை முதலில் கண்டவர் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். மேல்தளத்தில் ஈரம் படர்ந்து சொட்டுகிறது என்றார். மழையாக இருக்கும் என்றேன். "தம்பி, தருமபுரியில மழை வந்தா எனக்குத் தெரியாமலா வரும்?" என்று கேட்டார். பதில் இல்லை.

சொட்டுவது டப்புத் தண்ணீரா, வேறு குழாயா என்பதைக் கண்டுபிடிக்க அம்மா ஒரு வழி சொன்னார். டப்பில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த நாளில், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தண்ணீராகவே ஊற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து வாத்தியார் டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாளைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கையில் ஒரு தாளோடு மாடிக்கு வந்தார். சரியான விடை ஒன்றின் மேல் சிவப்பாகப் பெரிய சுழி விழுந்திருந்தது. "பையன் பாவம். நியாயமா எழுதியிருக்கான்" என்றார்.

பிளம்பர் வந்தார். வயசு கம்மி, வாய் கம்மி, காதில் பென்சில். டப்பைச் சுற்றி வந்து பார்த்தார். நான்கு பக்கமும் கொத்தனார் செங்கல் வைத்து டைல்ஸ் ஒட்டி, ஃபாரோ மன்னரை அடக்கம் செய்ததுபோல மூடிவிட்டுப் போயிருந்தார். கை விட ஒரு ஓட்டைகூட இல்லை.

"அடைப்பான் ரப்பர் போயிருந்தா தண்ணி பைப்புக்குள்ளயே போயிரும்ணா, கீழ சொட்டாது. சொட்டுதுன்னா டப்புக்கு அடியில வேஸ்ட் கப்ளிங் வாஷர் போயிருக்கு. ஒடைச்சாத்தான் ஆவும்."

உடைத்தார். அம்மா முகத்தைப் பார்க்காமல் உடைத்தது அவருடைய சாமர்த்தியம். உள்ளே படுத்துக்கொண்டு கப்ளிங்கைக் கழற்றி வாஷரை வெளியே எடுத்தார். அப்பளம்போல் நொறுங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது நொறுங்கவில்லை, உப்புப் படிந்து கல்லாகவே ஆகியிருந்தது. கட்டிய புதிதில் அதில் போர் தண்ணீர்தான் ரொம்ப நாள் நின்றது. இத்தனை காலம் ஒழுகாமல் காப்பாற்றியது ரப்பரா அந்த உப்பா என்பதே சந்தேகம்தான் என்றார் பிளம்பர்.

கடைவீதியில் நாணி ட்ராப்புக்கு வாஷர் உண்டு, சிங்க்குக்கு உண்டு, சிண்டெக்ஸ் டேங்குக்கு உண்டு. பாத்டப்புக்குக் கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர், "ரிசார்ட் கட்றீங்களா?" என்றார். இன்னொருவர் மரியாதையாக எழுந்து நின்று, இல்லை என்றார்.

வீடு திரும்பினால் பிளம்பர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததாம். கப்ளிங்கை அதன் மேல் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, இரண்டு அடுக்காக வெட்டி, சிலிக்கான் பூசி முறுக்கினார். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்க நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கீல் பூசியிருந்தார்கள், மூலையில் வடிகாலும் விட்டிருந்தார்கள் என்று என் படிப்பைக் கொஞ்சம் காட்டினேன். "அவங்க டைல்ஸ் ஒட்டி மூடியிருக்க மாட்டாங்கண்ணா" என்றார்.

ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். அம்மா கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. உடைத்த இடத்தை மறுபடி மூடாமல், சின்னக் கதவு வைத்தாயிற்று. இப்போது அதற்குள் அம்மாவின் வெங்காயக் கூடை இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்குத் தம்பி வந்தான். டப் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, துண்டும் ஏதோ நுரை வரும் பாட்டிலுமாக நேரே மாடி ஏறினான். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"குளிக்கணும்னா ஒகேனக்கல் போடா. எண்ணெய் தேய்ச்சு மசாஜ் பண்ணி விடுவாங்க, அருவியில நின்னுட்டு வா. ஊரே அங்கதான் போவுது."

"அப்போ இது எதுக்கும்மா, அம்பதாயிரம் குடுத்து வாங்கினேன்?"

"பருப்புக்கு" என்றார் அம்மா. கையில் இரண்டு காலிக் கேனைக் கொடுத்தார். "போறதுதான் போற, வரப்போ ரெண்டு கேன் புடிச்சுக்கிட்டு வந்துரு."